தலைக்குக் குளித்தால் சைனஸ் வருமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 42 வயது, சர்க்கரை இருக்கிறது. தலைக்குக் குளித்தாலே சைனஸ் பிடித்துக்கொள்ளும். இந்தத் தடவை மூன்று வாரமாகியும் விடவில்லை. வலது கன்னம் கனக்கிறது, குனிந்து கோலம் போட முடியவில்லை, அந்தப் பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வருகிறது. போன முறை எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கையே மெடிக்கலில் வாங்கிப் போடலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: வேண்டாம் அம்மா. குளிக்கிற தண்ணீர் மண்டை வழியாக சைனஸுக்குள் இறங்குவதில்லை, நம் ஊரில் அதன் தலையில் வீண்பழி. பெரும்பாலும் ஆரம்பித்து வைப்பது சாதாரண ஜலதோஷ வைரஸ்தான். சைனஸ் என்பது கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறை. அதற்கு வடிகால் துளை அடியில் இல்லை, மேலே இருக்கிறது. தொட்டியின் உச்சியில் ஓட்டை போட்ட மாதிரி! உள்ளே இருக்கும் நுண்ணிய இழைகள்தான் சளியை மேலே தள்ளித் தள்ளி வெளியேற்றுகின்றன. சவ்வு வீங்கித் துளை அடைத்தால் சளி தேங்கும், அப்புறம் கிருமிக்குக் கொண்டாட்டம். அலர்ஜி, ஆஸ்துமா, மூக்கில் சதை வளர்ச்சி, மூக்குத்தண்டு வளைவு உள்ளவர்களும், சிகரெட் பிடிப்பவர்களும், அந்தப் புகையைச் சுவாசிக்கும் வீட்டாரும் இதில் அடிக்கடி மாட்டுவார்கள்.

வைரஸ் என்றால் 10 நாளுக்குள் தணிய ஆரம்பிக்கும். சளி பச்சையாக வந்தாலும் அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது 'ஒரு பக்கம் மட்டும்', 'நாற்றம்' என்ற இரண்டும்தான். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் சைனஸின் தரையை ஒட்டியே இருக்கும், நடுவில் மெல்லிய எலும்பு, சிலருக்கு அதுவும் கிடையாது. வேரில் சீழ் பிடித்தால் நேராக மேலே ஏறிவிடும். என்னிடம் வந்த ஒருவர் மாதக்கணக்கில் மூக்குக்கே மருந்து போட்டுக்கொண்டிருந்தார், கடைசியில் பார்த்தால் எப்போதோ வேர் சிகிச்சை செய்து கேப் போட்ட பல்! வலியே இல்லாததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஆகவே காது மூக்கு தொண்டை மருத்துவரோடு பல் மருத்துவரையும் இந்த வாரமே பாருங்கள். ஸ்கேன் தேவையா என்று அவர்கள் சொல்வார்கள்.

உங்களுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டைப் பார்வை, கன்னம் மரத்துப்போவது, அண்ணத்தில் கறுப்பு, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். 2021-இல் நாம் பார்த்த கரும்பூஞ்சை, கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்கியது.

மற்றபடி, வெந்நீரில் தாராளமாகத் தலைக்குக் குளியுங்கள்.