டைட்டில் கார்டில் அரிவாள் எதற்கு?

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் நான்கு பேர், திருச்சியில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறோம். கடைசி செமஸ்டருக்காக 22 நிமிடத்தில் ஒரு கேங்ஸ்டர் குறும்படம் எடுக்கிறோம். காய்கறி மார்க்கெட்டில் வட்டிக்கு விடும் கும்பல். அவர்களுக்குத் தண்டல் வசூலிக்கும் 19 வயதுப் பையன்தான் நாயகன். சின்ன வயதில் தனக்குச் சோறு போட்ட கீரைக்கார அக்காவிடமே அவனை மிரட்டி வசூலிக்க அனுப்புகிறார்கள். இதுதான் கதை. டைட்டிலுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். அரிவாள், சிகரெட் புகை, ஸ்லோமோஷனில் கும்பல் நடந்து வருவது, ரத்தம் சொட்டும் எழுத்து என்று யோசித்தோம். ஒருவன் கொலையில் ஆரம்பிக்க வேண்டும் என்கிறான். இன்னொருத்தி பேப்பர் கட்டிங்குகளை ஓட விடலாம் என்கிறாள். கெத்தாக இருக்க வேண்டும், ஆனால் கையில் காசு அதிகம் இல்லை. பெயர்களைத் தமிழில் போடுவதா, ஆங்கிலத்தில் போடுவதா என்பதிலும் சண்டை. வழி சொல்லுங்கள்.
– நான்கு மாணவர்கள், திருச்சி

பதில்:

அன்புள்ள நண்பர்களே,

உங்கள் கடிதத்தில் கதையைச் சொன்ன இடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. டைட்டிலைச் சொன்ன இடம் அப்படி நிறுத்தவில்லை. காரணம் இதுதான்: கதையில் மார்க்கெட் இருக்கிறது, தண்டல் இருக்கிறது, கீரைக்கட்டு இருக்கிறது. டைட்டிலுக்காக நீங்கள் யோசித்த அரிவாளையும் புகையையும் நடையையும் எந்த ரவுடிப் படத்தின் முன்னால் வேண்டுமானாலும் ஒட்டலாம். உங்கள் படத்துக்கே உரியது என்று அதில் ஒன்றுகூட இல்லை.

டைட்டிலுக்கு உட்காரும்போது முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கும்பல் எதை விற்றுப் பிழைக்கிறது? ஒரு கும்பலின் உலகம் அதன் ஆயுதத்தில் தெரிவதைவிட அதன் வரவு செலவில் நன்றாகத் தெரியும். உங்கள் ஆட்கள் விற்பது கடன். அப்படியானால் டைட்டிலில் தெரிய வேண்டியதும் கடன்தான்.

1972-ல் வந்த 'தி காட்ஃபாதர்' எப்படித் தொடங்குகிறது என்று மறுபடி போட்டுப் பாருங்கள். கறுப்புத் திரையில் ஒற்றை டிரம்பெட், படத்தின் பெயர், அவ்வளவுதான். நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் பெயரெல்லாம் கடைசியில் வருகிறது. அடுத்து இருட்டில் ஒரு மனிதரின் முகம். பிணங்களை அடக்கத்துக்குத் தயார் செய்யும் தொழில் அவருக்கு. தன் மகளுக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லி நியாயம் கேட்டு வந்திருக்கிறார். கேமரா மெல்ல மெல்லப் பின்வாங்கும்போது, அவர் யாரிடம் கேட்கிறாரோ அந்த ஆளின் கையும் தோளும் ஓரத்தில் தெரிகின்றன. துப்பாக்கியும் இல்லை, நடையும் இல்லை. ஆனாலும் அந்த அறையில் யாருக்கு யார் கட்டுப்பட்டவர் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. இன்று உதவி வாங்கியவர் நாளை அதைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். அதுவும் ஒரு கடன் கணக்குதான். நீங்கள் கேட்கும் கெத்து அந்த ஷாட்டில் எத்தனை இருக்கிறது பாருங்கள்!

கொலையில் ஆரம்பிக்கலாம் என்ற தம்பிக்கு 'குட்ஃபெல்லாஸ்' (1990) மனதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதன் டைட்டிலை சால் பாஸும் அவர் மனைவி எலேன் பாஸும் வடிவமைத்தார்கள். நெடுஞ்சாலையில் வண்டிகள் கடக்கும் இரைச்சலோடு பெயர்கள் விருட்டென்று திரையைக் கடக்கின்றன. பிறகு இரவுச் சாலையில் ஒரு கார், உள்ளே மூன்று பேர். எங்கிருந்தோ தட்டும் சத்தம் கேட்கிறது. வண்டியில் என்ன கோளாறு என்று அவர்களுக்கே புரியவில்லை. நிறுத்தி டிக்கியைத் திறந்த பிறகுதான் உள்ளே ஒரு ஆள் இன்னும் உயிரோடு கிடப்பது தெரிகிறது. அந்தக் காட்சி நம்மைப் பிடித்து இழுப்பது அதற்கு முன்னால் வரும் அந்தத் தட்டலால். உங்கள் படத்தில் பார்வையாளருக்கு இன்னும் யாரென்றே தெரியாத ஒருவரை முதல் நிமிடத்தில் வெட்டினால் யாருக்கு வலிக்கும்? போதாததற்கு, உங்கள் கதையின் பயமே 'இந்தப் பையன் அக்காமேல் கை வைப்பானா' என்பதுதான். முதலிலேயே ரத்தத்தைக் காட்டிவிட்டால் அந்தப் பயம் அங்கேயே செலவாகிவிடும்.

பேப்பர் கட்டிங் யோசனையையும் விட்டுவிடச் சொல்கிறேன். நிறையப் பேர் செய்துவிட்டார்கள் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. மார்க்கெட்டில் தினம் நடக்கும் வட்டி வசூல் செய்தித்தாளில் வருவதே இல்லை. யாராவது உயிரை விட்டால்தான் வருகிறது. செய்தியாகாத ஒன்றைப் பற்றி நீங்கள் படம் எடுக்கிறீர்கள். அதைச் செய்தித் தலைப்புகளோடு தொடங்குவது கதைக்கே விரோதம்.

சரி, வேறு என்ன செய்யலாம்? தண்டல் அட்டையை எடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். தண்டலில் பத்தாயிரம் கடன் என்றால் வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரமோ அதற்கும் குறைவாகவோ கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கணக்குக்கு உள்ளங்கை அளவில் ஓர் அட்டை. அதில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். பணம் வாங்கியதும் வசூல் பையன் அன்றைய கட்டத்தில் தேதி போட்டு ஒரு கிறுக்குக் கையெழுத்து வைப்பான். வியர்வைக் கை பட்டுப் பட்டு மூலைகள் மழுங்கி, மஞ்சள் கறையும் தண்ணீர்ப் பொட்டுமாக அந்த அட்டை இருக்கும். இதைவிடப் பொருத்தமான டைட்டில் கார்டு உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

நான் பார்ப்பது இப்படி. விடியாத மார்க்கெட், திரை முழுக்க இருட்டு. லாரியிலிருந்து மூட்டை விழும் சத்தம் மட்டும். அப்புறம் அட்டை, மிக நெருக்கத்தில். ஒரு கட்டை விரல் ரப்பர் பேண்டை விலக்குகிறது, பால் பாயிண்ட் பேனா ஒரு கட்டத்தில் கிறுக்குகிறது. அடுத்த கட்டத்தில் அதே பேனாவால், அதே அவசரக் கையெழுத்தில், முதல் நடிகரின் பெயர். வெட்டு. ஈரக் கீரைக்கட்டின் மேலிருந்து ஒரு கை நூறு ரூபாயை நீட்டுகிறது. அட்டை, கட்டம், இரண்டாவது பெயர். தராசு, கை, பணம், மூன்றாவது பெயர். யாருடைய முகமும் வேண்டாம், கைகள் மட்டும் போதும். தருகிற கைகள் நிறைய, வாங்குகிற கை ஒன்றே ஒன்று. முதல் இரண்டு பெயர்களை நிதானமாக விடுங்கள். மூன்றாவதிலிருந்து வேகம் கூடட்டும், கையெழுத்துகள் ஒரு தாளத்தில் விழட்டும். பார்க்கிறவருக்கு அந்தத் தாளம் பழகியதும் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். பேனா காத்திருக்கிறது, பணம் வரவில்லை, சத்தம் எல்லாம் நிற்கிறது. அந்தக் காலிக் கட்டத்தில் உங்கள் படத்தின் பெயர்.

இதில் கதையின் முடிச்சு முழுவதும் இருக்கிறது. ஒரு நாள் கட்டவில்லை, இனி என்ன நடக்கும் என்ற கேள்வியோடு பார்வையாளர் முதல் காட்சிக்குள் வருவார்.

சத்தத்துக்கு நீங்கள் தனியாக உழைக்க வேண்டும். 1967-ல் வந்த 'பானி அண்ட் கிளைட்' டைட்டிலில் பழைய புகைப்படங்கள் ஒவ்வொன்றாக வரும், கூடவே கேமரா ஷட்டரின் 'கிளிக்'. இசை ஏறக்குறைய இல்லை. அந்தக் கிளிக்கே வயிற்றில் ஏதோ செய்யும். வெள்ளையாக வரும் நடிகர் பெயர்கள் கண் முன்னாலேயே சிவப்பாக மாறும். ரத்தம் சொட்டும் எழுத்து தராத பயத்தை அந்த நிறமாற்றம் தருகிறது. உங்களுக்கு ரப்பர் பேண்டின் 'பட்' இருக்கிறது, பேனா அட்டையில் உரசும் சத்தம் இருக்கிறது, கடை ஷட்டர் ஏறும் இரைச்சல் இருக்கிறது. படப்பிடிப்புக்கு முன்பே ஒரு நாள் விடியற்காலை போய், போனிலாவது இவற்றைத் தனித்தனியாகப் பதிந்து வையுங்கள். ஊரறிந்த சினிமாப் பாட்டைத் தூக்கிப் போட வேண்டாம். யூடியூபில் ஏற்றும்போது உரிமைப் பிரச்சினை வரும், கேட்பவர் மனமும் அந்தப் பாட்டு வந்த பழைய படத்துக்குப் போய்விடும்.

அரிவாளை விட முடியவில்லை என்று அடம் பிடிப்பவருக்காக இன்னொரு படம். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ குடிசைப் பகுதியைப் பற்றிய 'சிட்டி ஆஃப் காட்' (2002) கத்தி தீட்டும் சத்தத்தோடுதான் தொடங்குகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் திரை இருண்டு இருண்டு வருகிறது. ஆனால் அந்தக் கத்தி கோழி அறுக்க. பக்கத்தில் கட்டிக் கிடக்கும் கோழி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. உங்கள் மார்க்கெட்டிலும் நாள் முழுக்கக் கத்தி ஓடுகிறது. பூசணியைப் பிளக்கிறார்கள், வாழைத்தாரைச் சீவுகிறார்கள். ஒரே ஒரு ஷாட்டில் அதைக் காட்டுங்கள், போதும்.

சிகரெட் வேண்டாம். தியேட்டரில் போகும் படத்தில் புகைக்கும் காட்சி வந்தால் கீழே எச்சரிக்கை வரி போட்டாக வேண்டும். பிற்காலத்தில் உங்கள் படம் எங்கேயாவது திரையிடப்பட்டால், நடிகரின் பெயரும் அந்த வரியும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும்.

நீளத்தைப் பற்றி: 22 நிமிடப் படத்தில் 2 நிமிட டைட்டில் என்றால் பதினொன்றில் ஒரு பங்கு அதற்கே போகிறது. 70 நொடிக்குள் முடியுங்கள். ஒரு பெயரை நிதானமாக ஒன்றரைத் தடவை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம் அது திரையில் இருந்தால் சரி. எல்லாருக்கும் தனிக் கார்டு தேவையில்லை. ஒளிப்பதிவு, தொகுப்பு, இசை ஆகியவை தனித்தனியாக வரட்டும், இயக்கியவர் பெயர் வழக்கப்படி கடைசியில். உதவி செய்த நண்பர்கள், இடம் கொடுத்தவர்கள் எல்லாரையும் படம் முடிந்த பிறகு மரியாதையாகப் போடுங்கள்.

தமிழா ஆங்கிலமா என்ற சண்டைக்கு அட்டையே தீர்ப்புச் சொல்லிவிட்டது. திருச்சி மார்க்கெட்டில் தண்டல் எழுதும் கை தமிழில்தான் எழுதும். அதனால் தமிழ், அதுவும் கையெழுத்து. கம்ப்யூட்டர் எழுத்தைத் தேடினால் உங்களுக்கு வேறொரு தலைவலியும் வரும். சில எடிட்டிங் மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து நிற்கும். மெல்லிய எழுத்தாக இருந்தால், யூடியூபில் சுருங்கியதும் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும். பேனாவால் அட்டையில் எழுதிப் படம் பிடித்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. புள்ளிகளை மட்டும் அழுத்தி வையுங்கள். உங்களில் அழகாக எழுதுபவரை எழுத வைக்காதீர்கள். நாயகனாக நடிக்கும் பையனையே எழுதச் சொல்லுங்கள். பின்னால் படத்துக்குள் அவன் எழுதும்போது அதே கையெழுத்து வர வேண்டும் இல்லையா? நான்கைந்து அட்டைகளைத் தயார் செய்து, டீத்தண்ணீர் தெளித்துக் காயவைத்து, ஒரு வாரம் எல்லாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலையுங்கள். பழசு தானாக வந்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை இந்தத் திட்டத்தில் பெரிய செலவு கிடையாது. அட்டை, பேனா, ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு. மிக நெருக்கத்தில் எடுக்க மேக்ரோ லென்ஸ் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் நல்லது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நிஜமான வசூலை ஒளிந்து நின்று படம் பிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அநியாய வட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் அந்த ஆட்களுக்குக் கேமரா என்றால் ஆகாது. உங்களுக்கு ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும், நீங்கள் படம் பிடித்த கடையின் அம்மா நாளைக்கும் அதே இடத்தில் உட்கார்ந்து வியாபாரம் செய்ய வேண்டும். கைகளெல்லாம் உங்கள் வீட்டாருடையதாகவும் நண்பர்களுடையதாகவும் இருக்கட்டும். சமையல் செய்து, பாத்திரம் தேய்த்துக் காய்த்த கையாக இருந்தால் நன்றாகத் தெரியும். மார்க்கெட்டின் பொதுக்காட்சி எடுக்கச் சங்கத்தாரிடமும் கடைக்காரர்களிடமும் கேட்டுவிட்டுப் போங்கள். படத்தில் வேறெங்காவது அட்டை அரிவாளோ பொம்மைத் துப்பாக்கியோ வந்தால், அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கெத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் 1932-ல் வந்த 'ஸ்கார்ஃபேஸ்' படத்தின் தொடக்கத்தில், ரவுடிகளின் ஆட்சியைக் கண்டிக்கவே இந்தப் படம் என்ற பொருளில் ஒரு முன்னுரையை எழுதிக் காட்டினார்கள். தணிக்கையின் நெருக்கடி அப்படி. திரையில் ஓடும் அந்த அறிவுரையால் ரவுடியின் கவர்ச்சி கொஞ்சமும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அறிவுரை எதுவும் எழுத வேண்டியதில்லை. நூறு ரூபாயை நீட்டும் அந்தக் கைகளில் ஒன்று, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணி எண்ணி நூறு சேர்த்துத் தரட்டும். அந்த ஒரு ஷாட்டை மட்டும் சீக்கிரம் வெட்டாதீர்கள், தொகுப்பாளரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

படப்பிடிப்புக்கு முன்னால் வெறும் போனில், வீட்டு மேசையில், இந்த 70 நொடியை ஒரு தடவை எடுத்து ஒட்டிப் பாருங்கள். காலிக் கட்டம் வரும் இடத்தில், கதை தெரியாத ஒருவர் 'என்ன ஆச்சு?' என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்கவில்லை என்றால் அதற்கு முன்னால் இன்னும் இரண்டு கையெழுத்துகள் தேவைப்படுகின்றன என்று அர்த்தம்.