ஆங்கிலத்தில் இணையவழிக் கலந்துரையாடல்: கேள்வியும் பதிலும்

கொழும்பில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை பதில் சொல்கிறார்.

அக்கா, மூடில் (Moodle) என்ற இணையக் கற்றல் தளத்தில் கலந்துரையாடலுக்குத் தலைப்பு போட்டால் எல்லாரும் ‘ஐ அக்ரீ’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். என்ன செய்யலாம்? (உதவி விரிவுரையாளர்)

முதலில் தலைப்பை மாற்றுங்கள். ‘சமூக ஊடகம் நல்லதா, கெட்டதா?’ என்று கேட்டால் பிள்ளைகள் வேறு என்ன எழுதுவார்கள்? ‘ஊரிலிருந்து புதிதாக வந்த மாணவி வெள்ளவத்தையில் தங்கியிருக்கிறார். கம்பஸுக்கு எப்படி வருவது?’ என்று போட்டுப் பாருங்கள். ரயிலில் வந்து பம்பலப்பிட்டியில் இறங்கி நடக்கலாம் என்பார் ஒருவர். மழையில் அது சரிவராது, பஸ்தான் நல்லது என்பார் இன்னொருவர். ஆளுக்கு ஆள் தெரிந்தது வேறு என்பதால் மறுத்துப் பேச இடம் கிடைக்கிறது.

மூடிலிலேயே கேள்வி-பதில் வகைக் கலந்துரையாடல் ஒன்று இருக்கிறது. அதில் தன் பதிலைப் போடும்வரை மற்றவர்கள் எழுதியதைப் பார்க்க முடியாது. போட்டதைத் திருத்த, நிர்வாகி மாற்றாவிட்டால், 30 நிமிடம் உண்டு. கூச்சப்படும் பிள்ளைக்கு அந்த அரை மணித்தியாலம் பெரிய உதவி.

மிஸ், சூமில் நான் வசனத்தை மனதில் அமைத்து முடிப்பதற்குள் கதை வேறெங்கோ போய்விடுகிறது. (முதலாம் ஆண்டு மாணவி, மட்டக்களப்பு)

போனால் போகட்டும் தங்கச்சி, திரும்பக் கொண்டுவரலாம். ‘கேன் ஐ கோ பேக் டு த லாஸ்ட் பாயிண்ட்?’ என்பதைப் பாடமாக்கி வைத்திருங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இப்படித்தான் கேட்பார்கள். வாய் வராவிட்டால் சூமின் சட் (chat) பெட்டியில் இரண்டு சொல் எழுதிப் போடுங்கள்.

விரிவுரையாளர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் விஞ்ஞான வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை 3 விநாடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இரண்டாம் மொழியில் யோசிப்பவருக்கு அதைவிடக் கூடவே வேண்டும். அந்த அமைதியைத் தயவுசெய்து நிரப்பாதீர்கள்.

கூகுள் டிரான்ஸ்லேட் பாவிக்கலாமா? (மாணவர்)

ஒரு சொல் தெரியாவிட்டால் தாராளமாக. முழுப் பந்தியையும் அதில் போட்டு எடுத்தால், யாராவது திருப்பிக் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

பிழைகளைத் திருத்தாமல் விடுவதா? (ஆசிரியர்)

எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள். அப்படி ஒருமுறை திருத்தினால் சில பிள்ளைகள் பிறகு வாயே திறப்பதில்லை. ‘ஐ ஆம் கோ பை பஸ்’ என்று எழுதினால், ‘ஓ, யூ கோ பை பஸ்? விச் ஒன்?’ என்று கேளுங்கள். சரியான வடிவம் கண்ணில் படும், பேச்சும் தொடரும். பலருக்கும் வரும் பிழைகளைச் சேர்த்துவைத்து, அடுத்த வகுப்பில் பெயர் சொல்லாமல் பாருங்கள்.