வைரஸ் உருமாறினால் பழைய தடுப்பூசியும் மருந்தும் கைகொடுக்குமா?

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது, சர்க்கரை நோய் உண்டு. கொரோனா தடுப்பூசி போட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வைரஸ் மீண்டும் உருமாறியிருப்பதாகச் செய்தி வருகிறது. இனிப் பரிசோதனை முடிவை நம்பலாமா? பழைய தடுப்பூசியும் மருந்துகளும் பலன் தருமா?

பதில்: வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது நேரும் எழுத்துப்பிழையே உருமாற்றம். கொரோனா வைரஸின் மரபணுத் தொடரில் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் உள்ளன. அவற்றில் நேரும் பெரும்பாலான பிழைகளால் எந்த விளைவும் இல்லை. ஆகவே, பிழை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். 2020 இறுதியில் ஆல்பா திரிபு பரவியபோது, மூன்று மரபணுப் பகுதிகளைத் தேடும் ஒரு வகை பிசிஆர் சோதனையில் இரண்டு பகுதிகளுக்கான வரைபடக் கோடுகள் வழக்கம்போல் மேலேற, ஸ்பைக் (வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம்) பகுதிக்கான கோடு மட்டும் எழவே இல்லை. ஸ்பைக் புரதத்தின் 69, 70ஆம் இடங்களில் இருக்க வேண்டிய இரண்டு அமினோ அமிலங்கள் விடுபட்டிருந்ததே காரணம். மற்ற இரண்டும் பிடிபட்டதால் தொற்று தப்பவில்லை. எழாத அந்தக் கோடே ஆல்பாவை அடையாளம் காட்டும் துப்பாகவும் ஆனது. வீட்டில் செய்யும் ரேபிட் சோதனைகள் பெரும்பாலும் ஸ்பைக்கைத் தேடுவதில்லை; வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்தையே தேடுகின்றன. அவை தவறும்போது, பெரும்பாலும் தொற்றின் தொடக்கத்தில் வைரஸின் அளவு குறைவாக இருப்பதே காரணம். காய்ச்சல் இருந்தும் முடிவு நெகட்டிவ் என வந்தால் 48 மணி நேரம் கழித்து மீண்டும் சோதியுங்கள். உங்கள் தாயாரைப் பொறுத்தவரை காத்திராமல் பிசிஆர் செய்துவிடுவதே நல்லது.

மருந்துகளில் பெரிதும் அடிபட்டவை, ஸ்பைக்கைக் குறிவைத்த மோனோகுளோனல் ஆன்டிபாடிகள், அதாவது ஆய்வகத்தில் தயாரிக்கப்படும் எதிர்ப்புரதங்கள். ஸ்பைக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களுடன் ஒமிக்ரான் வந்ததும் அவற்றில் பல செயலிழந்தன. ரெம்டெசிவிரும் நிர்மாட்ரெல்விரும் வைரஸ் பெருகத் தேவையான நொதிகளைத் தாக்குவதால் தொடர்ந்து பயன் தந்தன. ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளுக்குத் தரப்படும் டெக்ஸாமெத்தசோன் நம் உடலின் மிகையான அழற்சியையே தணிக்கிறது. அதற்கு உருமாற்றம் ஒரு பொருட்டல்ல, ஆனால் அது சர்க்கரையை ஏற்றிவிடும்.

தடுப்பூசி தூண்டும் ஆன்டிபாடிகள் நாளடைவில் குறையும், ஸ்பைக் மாறினால் சரியாகப் பொருந்தவும் மாட்டா. அதனால் தொற்று மறுபடி வரலாம். நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்களோ அதே புரதத்தின் பல துண்டுகளை நினைவில் வைத்திருப்பவை. சில துண்டுகள் மாறினாலும் மற்றவற்றைக் கொண்டு வைரஸை இனங்காணும். தீவிர நோயிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு நீண்டகாலம் நிற்பதற்கு இது முக்கியக் காரணம்.

நோயின் கடுமையை மட்டும் உருமாற்றத்தை வைத்துக் கணிப்பது கடினம். 'லேசானது' எனப்பட்ட ஒமிக்ரான், 2022 தொடக்கத்தில் ஹாங்காங்கில் தடுப்பூசி போடாத முதியவர்கள் பலரின் உயிரைப் பறித்தது. வைரஸின் குணத்தோடு, அதை எதிர்கொள்ளும் உடலின் முன்னனுபவமும் சேர்ந்தே கடுமையைத் தீர்மானிக்கிறது என்பதால்தான், தாயாருக்குப் புதுப்பிக்கப்பட்ட தடுப்பூசியை மருத்துவரைக் கலந்து போட்டுவிடும்படி வலியுறுத்துகிறேன்.

தொற்று உறுதியானால் அன்றே மருத்துவரை அணுகுங்கள். நிர்மாட்ரெல்விர் மாத்திரையை அறிகுறி தோன்றிய ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும். அதனுடன் சேர்த்துத் தரப்படும் ரிட்டோனாவிர், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகள் சிலவற்றோடும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் சிலவற்றோடும் ஒத்துப்போகாது. எனவே, தாயார் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அண்மைய சிறுநீரகப் பரிசோதனை முடிவையும் ஒரே தாளில் இப்போதே எழுதி வையுங்கள்.