நெல் கணக்கில் மூன்று பூஜ்ஜியம் எப்படி வந்தது?

கேள்வி: சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதையை மகளுக்குச் சொன்னேன். 64 கட்டத்துக்கும் மொத்தம் எவ்வளவு என்று போன் கால்குலேட்டரில் போட்டாள். 18446744073709552000 என்று வந்தது. கடைசியில் மூன்று பூஜ்ஜியம் வருமா? இது பகா எண்ணா என்றும் கேட்கிறாள்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: வராதும்மா. இரண்டை இரண்டாலேயே பெருக்கிக்கொண்டு போனால் ஈற்றிலக்கம் 2, 4, 8, 6 என்றுதான் சுற்றிச் சுற்றி வரும். பூஜ்ஜியத்துக்கு அங்கே இடமே இல்லை. 65-ஆவது கட்டம் ஒன்று இருந்தால் அதில் 2⁶⁴ நெல் இருக்கும், அது 6-இல் முடியும். மொத்த நெல் அதைவிட ஒன்று குறைவு, ஆகவே 5-இல் முடியும். சரியான விடை 18446744073709551615. போன் 17 இலக்கத்தோடு களைத்துப்போய், மிச்சத்துக்குப் பூஜ்ஜியம் போட்டு ஒப்பேற்றிவிட்டது.

பகா எண்ணா? 5-இல் முடிகிற போதே அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. இலக்கங்களைக் கூட்டினால் 87, அதனால் மூன்றாலும் வகுபடும். ஆனால் இந்த எண்ணின் அழகு அதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

முப்பத்து நான்கு வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு நான் கரும்பலகையில் எழுதிய a² − b² = (a + b)(a − b) நினைவிருக்கிறதா? நம் எண் 2⁶⁴ − 1. அதை 4294967297 × 4294967295 என்று பிளக்கலாம். இரண்டாவதை அப்படியே 65537 × 65535 என்று, அந்த 65535-ஐ 257 × 255 என்று, 255-ஐ 17 × 15 என்று. பலாச்சுளை மாதிரி ஒவ்வொன்றாகக் கழன்று வரும்: 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள்.

மிச்சம் 4294967297. அதுவும் பகா எண்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். ஆள் லேசுப்பட்டவரில்லை, ஆனாலும் இதில் சறுக்கிவிட்டார். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நானே கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்தேன். திருத்தி முடித்த விடைத்தாள்களின் பின்பக்கத்தில் 3, 7, 11 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போய், 313-இல் கை ஓய்ந்து விட்டுவிட்டேன். 641 வரை இன்னும் ஐம்பத்தொன்று பாக்கி இருந்தது. ஆய்லர் என்னைப் போல மாடாய் உழைக்கவில்லை. இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும் என்று முதலில் நிறுவிக்கொண்டார். அப்படிப்பட்டவை வரிசையாக 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விழுந்துவிட்டது! இதைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

641-ஆல் வகுத்தால் எதிர்ப்பக்கம் வருவது 6700417, அதுவும் பகா எண். ஆக மொத்தம் ஏழு பகா எண்கள், ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை. அதனால் இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் 1-ஐயும் அதையும் சேர்த்து 128.

641-ஐ 6700417-ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து இலக்கம்தான், போனில் போட்டாலும் ஏமாற்றாது.