வாசகர் கேள்வி - பதில்: நாலு வண்டி சேர்ந்த ஒரு வண்டிக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) எது?

கேள்வி: 1998 மாடல் டாடா 407 சிறு லாரி ஒன்றை ஆர்.சி.யோடு வாங்கினேன். எஞ்சின் பிளாக் வெடித்திருந்ததால் வேறு 407-இன் எஞ்சின், கியர் பாக்ஸ், சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கிய கேபின், இன்னொரு வண்டியின் பின் ஆக்சில் எல்லாம் போட்டுக் கட்டிவிட்டேன். எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டப் போனால் எஞ்சின் நம்பர் சேரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். - நாமக்கல் வாசகர்

பதில்: சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) உங்கள் ஆர்.சி.யில் உள்ள அதே சேஸ் என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை. சட்டத்தின் கண்ணில் வண்டி என்பது சேஸ்தான். மற்றதெல்லாம் அதன் மேல் ஏறியவை.

எஞ்சின் மாற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். வாங்காமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு போய்த் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. கெடு தாண்டியிருந்தாலும் நீங்களாகவே போங்கள். ரோட்டில் பிடிபட்டால் 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கையில் இருக்க வேண்டியவற்றில் முக்கியமானது எஞ்சினின் பூர்வீகம். கடை பில் மட்டும் போதாது. அந்த எஞ்சின் நம்பர் அரசின் ‘வாகன்’ பதிவேட்டில் இன்னும் பழைய வண்டியின் பெயரிலேயே நிற்கும். அந்த வண்டியின் ஆர்.சி. நகல், அது பிரிவு 55-இன்படி ரத்தான சான்று, விற்றவரின் அடையாள நகல் மூன்றும் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் காயலான் கடையில் எஞ்சின் வாங்காமல் இருப்பதே லாபம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் திருட்டு வண்டியா என்று பார்த்து, அந்தத் தாளையும் சேர்த்துவிடுங்கள். கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ்காரரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

எஞ்சின் வகையைக் கவனியுங்கள். 407-இல் வந்த 497 எஞ்சின் என்பது நாலு சிலிண்டர், 97 மி.மீ. சிலிண்டர் விட்டம், 2,956 சிசி. டர்போ இல்லாததும் டர்போ உள்ளதும் சிசி-யில் ஒன்றுதான். சிசி ஒன்றாக இருக்கிறதே என்று டர்போவை மாட்டிவிட்டு ‘அதே எஞ்சின்’ என்று எழுதிக்கொடுத்தால், எஞ்சின் மாடலைப் பார்த்ததும் பிரேக் இன்ஸ்பெக்டருக்கு (மோட்டார் வாகன ஆய்வாளர்) தெரிந்துவிடும்.

கியர் பாக்ஸுக்கு ஆர்.சி.யில் இடமே இல்லை, விடுங்கள். கேபின் நிறம் ஆர்.சி.யில் உள்ள நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். அல்லது நிற மாற்றத்தையும் சேர்த்து எழுதிக்கொடுங்கள். ஆக்சில் கனமானது என்பதற்காக அனுமதிக்கப்பட்ட மொத்த எடை அளவு கூடிவிடாது, ஆர்.சி.யில் உள்ளதுதான் கணக்கு. எடை மேடையில் வெறும் வண்டியை நிறுத்தி ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் புது எஞ்சின் நம்பர் ஏறியதும் இன்சூரன்ஸிலும் அதை ஏற்றச் சொல்லுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். விபத்து கிளெய்மில்தான் விழிப்பார்கள்.

கேள்வி: என் லாரியின் சேஸ் துருப்பிடித்து முறிந்துவிட்டது. பேப்பர் இல்லாத நல்ல சேஸ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. என் சேஸ் நம்பர் உள்ள துண்டை வெட்டி அதில் வெல்டு வைத்துத் தருகிறேன் என்கிறார் பட்டறைக்காரர். வைக்கலாமா? - கரூர் வாசகர்

பதில்: கூடாது. சேஸ் நம்பரோ எஞ்சின் நம்பரோ ஆர்.சி.யோடு மாறுபட்டால் பதிவையே ரத்து செய்ய பிரிவு 55 இடம் தருகிறது. அதற்கு மேல் போலீஸ் வழக்கும் வரும்.

மறைக்கவும் முடியாது. வெல்டு வைத்த இடத்தில் லாங் மெம்பரின் (சேஸின் நீளச் சட்டம்) உள்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். பெயின்டைச் சுரண்டினால் தையல் தெரியும். பழைய நம்பரைத் தேய்த்து எடுத்துவிட்டாலும், பஞ்ச் அடித்தபோது அடியில் இருந்த இரும்பு நசுங்கி இறுகியிருக்கும். தடயவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவினால் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி அரித்து, நம்பர் மேலே வந்துவிடும்.

உங்களுக்கு இரண்டு நேர் வழிகள் உண்டு. முறிவு நம்பர் உள்ள பகுதியில் இல்லையென்றால் சொந்த சேஸையே பலப்படுத்துங்கள். உள்ளே சி-சேனல் வைத்து லாங் மெம்பரின் செங்குத்துப் பக்கத்தில் மட்டும் போல்ட் போடச் சொல்லுங்கள். மேல், கீழ் மடிப்புகளில் துளை போட்டால் லோடு ஏறும்போது விரிசல் அங்கிருந்துதான் ஓடும். வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களின் இடைவெளி) ஒரு மில்லிமீட்டர்கூட மாறக் கூடாது. தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

அது முடியாதென்றால், உயிரோடு இருக்கும் ஆர்.சி. உள்ள சேஸாகப் பார்த்து வாங்குங்கள். படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றி, உங்கள் நல்ல பாகங்களை அதில் ஏற்றுங்கள். இனி அந்த நம்பர்தான் உங்கள் வண்டி. முறிந்த சேஸின் ஆர்.சி.யை ஒப்படைத்து ரத்து செய்துவிடுங்கள், விற்காதீர்கள். ‘பேப்பர் மட்டும்’ கேட்டு வருபவர் அதை எந்தத் திருட்டு வண்டிக்கு மாட்டுவார் என்று நமக்குத் தெரியாது.

கேள்வி: சேஸ் நம்பர் துருவில் மறைந்துவிட்டது. பென்சில் பிரிண்ட் எடுக்கவே வரவில்லை. - பரமக்குடி வாசகர்

பதில்: கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஓர் இரவு கட்டி வையுங்கள். காலையில் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாக்பீஸ் பொடியைத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். அதன் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். பிறகு கிரீஸ் தடவிவிடுங்கள்; பெயின்ட் வேண்டாம், பள்ளத்தை அடைத்துவிடும். இதற்கும் படியவில்லை என்றால் நம்பரை மறுபடி பொறிக்கும் மறுபஞ்ச் அனுமதி கேட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக்கொடுங்கள். அவர்கள் சொல்லாமல் லேத் பட்டறையில் நீங்களாகப் பஞ்ச் அடித்தால் உண்மையான நம்பரே பொய் நம்பர் ஆகிவிடும்.

கேள்வி: ராணுவ ஏலத்தில் வந்த பழைய ஜீப், பல ஜீப்களைச் சேர்த்துக் கட்டியது. விண்டேஜ் வண்டியாகப் பதியலாமா? - ஊட்டி வாசகர்

பதில்: முடியாது. 2021-இல் வந்த விண்டேஜ் விதி, 50 ஆண்டு கடந்து, சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்கு மட்டும். ராணுவ வண்டிக்கு உரிய வழி படிவம் 20 பதிவு விண்ணப்பமும், ராணுவ அதிகாரிகள் தந்த அசல் படிவம் 21 விற்பனைச் சான்றும். அந்தச் சான்றில் உள்ள சேஸ் நம்பர் உங்கள் ஜீப்பில் இருக்கிறதா என்று பணம் தருமுன் குனிந்து பாருங்கள். ஒரே சான்றின் ஜெராக்ஸை வைத்து மூன்று ஜீப் விற்பவர்கள் உண்டு.