23 லிட்டர் என்பது எந்த 23 லிட்டர்?

கேள்வி: 23 லிட்டர் பியருக்கான செய்முறையை வழுவாமல் பின்பற்றியும் பாட்டில்களில் 19 லிட்டர்தான் நிறைந்தது. மீதி எங்கே போயிற்று?

பதில்: செய்முறையை எழுதியவர் அந்த 23 லிட்டரை எந்தக் கட்டத்தில் அளந்தார் என்று முதலில் பாருங்கள், பலர் அதை எழுதுவதே இல்லை. பாட்டிலிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது என் வழக்கம். பாட்டிலில் 19 லிட்டர் வேண்டுமென்றால், நொதிகலனின் அடியில் ஈஸ்ட் வண்டலோடு 1.5 லிட்டரும், கொதிபாத்திரத்தில் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) கசடோடு 1.5 லிட்டரும் தங்கிவிடும் எனக் கொண்டு, ஆறிய வோர்ட் (நொதிக்கவிருக்கும் இனிப்புச் சாறு) 22 லிட்டர் இருக்க வேண்டும். ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாகும் 3.5 லிட்டரையும், 5 கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) கிலோவுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் வீதம் சக்கையில் பிடித்துவைக்கும் 5 லிட்டரையும் கூட்டினால், தொடக்கத்தில் 30.5 லிட்டர் தண்ணீர் தேவை.

கேள்வி: அடுப்பை அணைத்தபோது 23 லிட்டர் இருந்தது, ஆறியதும் 22 ஆகிவிட்டது. பாத்திரம் கசிகிறதா?

பதில்: இல்லை. 100 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு ஆறும்போது நீர்மம் ஏறத்தாழ 4 சதவீதம் சுருங்கும். இதை இழப்புக் கணக்கில் சேர்ப்பது தவறு. சர்க்கரை சிறிதும் குறையவில்லை.

கேள்வி: ஆவியாதலை 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஆவியாவது பாத்திரத்தின் வாயகலத்தையும் தழலின் வேகத்தையும் பொறுத்ததே தவிர, உள்ளே இருக்கும் அளவைப் பொறுத்ததன்று. அதே பாத்திரத்தில் பாதியளவு காய்ச்சினாலும் மணிக்கு ஏறக்குறைய அதே லிட்டர்தான் போகும். வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, முன்னும் பின்னும் ஆறிய நிலையில் அளந்து பாருங்கள். என்னிடம் லிட்டருக்கு ஒரு கீறலிட்ட மரக்கரண்டிக் காம்பு உண்டு. பாத்திரத்தின் நடுவில் செங்குத்தாக நிறுத்தினால் ஈரம் ஏறிய கீறலே விடை சொல்லும்.

கேள்வி: அளவு குறைந்தால் தண்ணீர் ஊற்றி ஈடுகட்டலாமா?

பதில்: வோர்ட்டில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்பதை அடர்த்தியால் காட்டும் ஹைட்ரோமீட்டரைக் கேட்டுவிட்டு ஊற்றுங்கள். 20 லிட்டர் வோர்ட் 1.055 (வெறும் தண்ணீர் 1.000) காட்டினால், அந்த மிகுதியான 55-ஐ 20-ஆல் பெருக்க 1100 வரும். 22 லிட்டராக்கினால், அதை 22-ஆல் வகுக்க 50, அதாவது 1.050. உங்கள் இலக்கு அதுவே என்றால், கொதித்து ஆறிய நீரைத் தயங்காமல் சேர்க்கலாம். ஆனால் 20 லிட்டரிலேயே 1.050 காட்டினால், குறைந்தது தண்ணீர் மட்டுமன்று, சக்கையிலோ கசடிலோ சர்க்கரையும் தங்கிவிட்டது என்று பொருள். அதன்மேல் ஊற்றும் நீர் பியரை நீர்க்கவே செய்யும்.