சித்திரைப் புழுக்கத்தில் மைதானத்துப் புல்லைக் காப்பாற்றுவது எப்படி?

கிளிநொச்சிப் பக்கத்து விளையாட்டுக் கழகத்துத் தம்பி ஒருவரின் கேள்வி இது: "பங்குனி, சித்திரையில் ஒவ்வொரு நாள் பின்னேரமும் பவுசரில் தண்ணி அடிக்கிறோம். அப்படியும் உதைபந்தாட்ட மைதானத்தில் புல் வட்டம் வட்டமாகப் பழுத்துச் சாகிறது. பாலைவனத்துக் கோல்ஃப் மைதானங்கள் மட்டும் எப்படிப் பச்சையாக நிற்கின்றன?"

தம்பி, முதல் வேலையாக அந்தப் பின்னேரத் தண்ணியை நிறுத்துங்கள். மிச்சத்தை ஆறுதலாகச் சொல்கிறேன்.

நான் டுபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஏழு வருடம் புல் பராமரிப்பு வேலை செய்தவன். இப்போது முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் ஊர் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே போகும்போது, பாலைவனம் என்றால் வறண்ட வெயில்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஓகஸ்ட் மாதம் கடல் ஈரம் ஏறினால் நடுச்சாமத்திலும் உடம்பு அவியும். முதல் வருடம் குழி இருக்கும் பகுதிக்கு, அதைக் 'கிரீன்' என்பார்கள், கையால் தண்ணி பிடிக்கும் வேலை எனக்கு. புல் சோர்ந்து தெரிந்ததால் இரண்டு மூன்று பின்னேரம் தாராளமாகவே விட்டேன். அடுத்த நாள் விடியப் பார்த்தால் எண்ணெய் ஊற்றியது போலக் கருந்திட்டுகள், மேலே வெள்ளைப் பஞ்சு. புல் வெட்டும் மெசின் போன வழியெல்லாம் நோயும் கோடு கோடாகப் பரவியிருந்தது. மேற்பார்வையாளர் கத்தியால் ஒரு துண்டு மண்ணை வெட்டி என் மூக்குக்குக் கிட்டே பிடித்தார். கூழ்முட்டை நாற்றம். அந்த நாற்றம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

நடந்தது இதுதான். புல் தன் இலையிலுள்ள இலைவாய்கள் என்ற நுண்துளைகளால் நீரை ஆவியாக்கித்தான் தன்னைக் குளிரவைக்கிறது. காற்றே ஈரமாக இருந்தால் அந்த ஆவி சரியாக வெளியேறாது, இலை சுடும். அப்போது புல் வாடுகிறது என்று நினைத்து நாம் தண்ணி விடுகிறோம். மண்ணின் துளைகளில் காற்று இருந்த இடத்தைத் தண்ணி பிடித்துவிடும். சூடான தண்ணியில் ஒட்சிசனும் குறைவாகத்தான் கரையும். வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. வேர் போனதும் தண்ணி நிறைய நிற்கிற இடத்திலேயே புல் தாகத்தில் வாடும். இரவு முழுக்க ஈரமாகக் கிடக்கும் இலையில் பித்தியம், ரைசொக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் ஏறும். நீங்கள் சொல்லும் வட்டங்கள் பெரும்பாலும் ரைசொக்டோனியாவின் வேலையாக இருக்கலாம்.

சித்திரையில் வன்னியில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பகல் முழுக்க வெயில், பின்னேரம் இடியோடு ஒரு மழை, காற்று அசையாத இரவு. அதற்கு மேல் நீங்கள் பவுசரும் விட்டால் புல் விடிய விடிய நனைந்தே கிடக்கும். வைகாசியில் சோழகம் வீசத் தொடங்கினால் கதை வேறு. அது வறட்சி, அப்போது தண்ணி தேவை. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்வதில்தான் எங்கள் ஊரிலும் முதல் வருடம் பிழை விட்டார்கள்.

ஆகவே தண்ணியை விடிய 4 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் விடுங்கள். தினமும் தெளிப்பதை விட, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனைப்பது நல்லது. நடந்து பாருங்கள். மிதித்த கால் தடம் எழும்பாமல் அப்படியே கிடந்தால், புல்லின் நிறமும் சாம்பல் நீலமாக இருந்தால், அதற்குத் தாகம். தடம் உடனே எழும்பினால் தண்ணி வேண்டாம்.

தண்ணிக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் என்றால் 1 மில்லிமீற்றர் மழைக்குச் சமன். 100 க்கு 65 மீற்றர் மைதானத்துக்கு வாரம் 25 மில்லிமீற்றர் கொடுக்க 1,62,500 லீற்றர் வேண்டும். 5,000 லீற்றர் பவுசரில் 32 நடைக்கு மேல். எந்தக் கழகத்தாலும் முடியாது. கிணற்றில் குடிதண்ணி எடுக்கும் சனமும் இருக்கிறது. கோல் வாசல் இரண்டும் நடுவட்டமும் சேர்ந்து 400 சதுர மீற்றர் என்று வைத்தால் இரண்டு பவுசர் போதும். மிச்சம் பழுப்பாகட்டும். அறுகு சாகாது, நிலத்துக்கு அடியில் தண்டு உறங்கும், மாரி மழைக்குத் துளிர்க்கும்.

ஆம், அறுகுதான். கோல்ஃப் மைதானங்களில் 'பெர்முடா' என்று பெரிய பேரோடு போடுவது பிள்ளையாருக்கு வைக்கும் நம்முடைய அறுகம்புல்லின் இனம். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் டிஃப்டன் என்ற ஊரில் அதை ஆபிரிக்க அறுகோடு கலந்து உருவாக்கிய 'டிஃப்வே 419' 1960 இல் வெளிவந்தது. உப்புத் தண்ணிக்கு வளைகுடாவில் பாஸ்பாலம் என்ற வேறு புல்லும் உண்டு. நுவரெலியாவில் 1889 இல் தொடங்கிய கோல்ஃப் கழகம் மலைக் குளிரில் இருக்கிறது, அங்கு செய்வதைப் பார்த்து இங்கே செய்யாதீர்கள். அறுகுக்கு 27 முதல் 35 பாகை சூடு நன்றாகப் பிடிக்கும். அதற்கு ஆகாதவை நிழலும் இறுகிய மண்ணும்தான்.

எங்கள் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் கல்லு மாதிரி இறுகும். அதோடு மாடுகள் ஈர மண்ணில் மிதித்தால் சொல்லவே வேண்டாம். கோல்ஃப் மைதானத்தில் மண்ணைத் துளையிட மெசின் வைத்திருப்பார்கள். நாங்கள் அலவாங்கால் செய்தோம். மழை விழுந்து மண் இளகியதும், கோல் வாசலில் ஒரு சாணுக்கு ஒரு துளையாக நாலு அங்குலம் ஆழத்துக்குக் குத்தி, மணலும் உக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்பினோம். பத்துப் பொடியளுக்கு ஒரு காலை வேலை. நான் செய்தவற்றில் அதிகம் பலன் தந்தது இதுதான்.

வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். புழுக்க மாதங்களில் 4 சென்ரிமீற்றர் விடுங்கள், ஈரமாக இருக்கும்போது வெட்டவே வேண்டாம். அலகு மழுங்கியிருந்தால் நுனி கிழிந்து வெள்ளையாகும், நோய் அதற்குள்ளால் நுழையும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் இலை கொழுத்து மெலிந்த தோலோடு வளரும். சதுர மீற்றருக்கு 5 கிராமுக்கு மேல் போடாதீர்கள், பொட்டாசியப் பசளையும் சேருங்கள்.

மருந்து அடிக்க அவசரப்படாதீர்கள். பித்தியம் உண்மையான பங்கசு இல்லை, அதனால் கடையில் கொடுக்கும் சாதாரண பங்கசுநாசினிகள் பல அதில் வேலை செய்யாது. எந்தக் கிருமி என்று தெரியாமல் காசு செலவழிக்க வேண்டாம். அதற்கு முன், விடிய இரண்டு பேர் நீளக் கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு புல்லின் மேல் இழுத்துக்கொண்டு நடந்தால் பனி உதிர்ந்து இலை சீக்கிரம் காயும். டுபாயில் தினமும் செய்தோம், இங்கே கயிறு மட்டும் போதும்.

நாளைக்கு விடிய 6 மணிக்கு வட்டத்தின் ஓரத்தில் குந்திப் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளை இழை இருக்கிறதா, இலை வழுக்குகிறதா, கத்தியால் வெட்டிய மண் நாறுகிறதா, வேர் எத்தனை அங்குலம். இந்த நாலையும் எழுதி அனுப்பினால் மேற்கொண்டு சொல்கிறேன்.